மாஸ் எஃபெக்ட் 3: முடிவை மாற்றச் சொல்லிக் கேட்டது நியாயமா?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விஷயம் புரியும். மீனாட்சிபுரத்தில் வீடு, பொள்ளாச்சியில் கல்லூரி. மூன்று பாகமாக வந்த ஒரு கேமைப் பள்ளிக்கூட நாளிலிருந்து விளையாடி, போன மாதம் கடைசிப் பாகத்தை முடித்திருக்கிறீர்கள். முடிவு சப்பென்று போய்விட்டது. முடிவை மாற்றச் சொல்லி நண்பர்கள் கையெழுத்து வாங்கத் தொடங்கிவிட்டார்கள். அப்பாவோ, "ஆழியாத்துத் தண்ணிக்குப் போராடலாம், கேமுக்குமாடா போராடுவாங்க?" என்கிறார். இப்படிக் கேட்டு எங்காவது முடிவு மாறியிருக்கிறதா, கேட்பது முறைதானா என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஓரளவு மாறியிருக்கிறது. 2012-ல் மாஸ் எஃபெக்ட் 3 வந்தபோது நடந்தது அது. அப்போது நானும் கோபப்பட்டவர்களில் ஒருவன். பன்னிரண்டு, பதின்மூன்று வருஷம் கழித்து நினைத்துப் பார்த்தாலும் அந்தக் கோபம் நியாயமானது என்றுதான் சொல்வேன். ஆனால் கோபம் எதன் மேல் என்பதைச் சரியாகப் பிடித்தால்தான் உங்கள் கையெழுத்துக் காகிதத்துக்குப் பலன் உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கனடாவில் எட்மன்டன் நகரத்து பயோவேர் நிறுவனம் செய்த கேம் அது. வெளியிட்டது எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ். முதல் பாகம் 2007 நவம்பர், இரண்டாவது 2010 ஜனவரி, மூன்றாவது 2012 மார்ச் 6. கமாண்டர் ஷெப்பர்டு என்ற படைவீரராக நாம் விளையாட வேண்டும். ஆணா பெண்ணா, முகம் எப்படி, குணம் எப்படி எல்லாம் நம் விருப்பம். ஐம்பதாயிரம் வருஷத்துக்கு ஒருமுறை வந்து, வளர்ந்த உயிரினங்களை எல்லாம் அறுவடை செய்துவிட்டுப் போகும் ரீப்பர் என்ற ராட்சத இயந்திரங்களைத் தடுப்பதுதான் மூன்று பாகத்துக்கும் கதை.

அதில் புதுமை என்னவென்றால், முதல் பாகத்தில் நீங்கள் எடுத்த முடிவுகள் எல்லாம் சேவ் ஃபைலில் இருக்கும். அந்த ஃபைலை இரண்டாவது பாகத்தில் ஏற்றலாம், அங்கிருந்து மூன்றாவதுக்குக் கொண்டு போகலாம். யாரைக் காப்பாற்றினீர்கள், யாரைச் சுட்டீர்கள், யாருக்கு வாக்குக் கொடுத்தீர்கள் என்று எல்லாமே கூடவே வரும். மளிகைக் கடைப் பற்று நோட்டு மாதிரி ஐந்து வருஷக் கணக்கு.

உதாரணத்துக்கு ரெக்ஸ். குரோகன் இனத்துப் போர்வீரன், முதல் பாகத்தில் நம் கூட்டாளி. அவன் இனத்துக்கே பிள்ளை பிறக்காமல் செய்த ஒரு நோய் உண்டு. விர்மைர் என்ற கிரகத்தில் அதற்கு மருந்து இருப்பது தெரிகிறது, ஆனால் அந்த இடத்தையே நாம் குண்டு வைத்துத் தகர்க்க வேண்டியிருக்கிறது. ரெக்ஸ் துப்பாக்கியை நம் மேல் நீட்டுகிறான். பேசிச் சமாதானம் செய்யலாம், முடியாவிட்டால் அவன் சாக வேண்டியதுதான். நான் அவசரத்தில் சுட்டுவிட்டேன். என் மாமா மகன் பேசியே அவனைக் காப்பாற்றிவிட்டான். அடுத்த இரண்டு பாகத்திலும் அவன் கதையில் ரெக்ஸ் இருந்தான், என் கதையில் இல்லை. அந்த இடத்தில் எனக்கு ரெக்ஸின் தம்பி ரீவ் தான் கிடைத்தான். ரெக்ஸோடு ஒப்பிட்டால் அவன் ஒன்றுமே இல்லை.

மாமா மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் வீடு கோபாலபுரம் பக்கம், தமிழ்நாட்டுக்குள். என் கடை கொழிஞ்சாம்பாறையில், கேரளாவுக்குள். 2012 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் கரண்ட் இருந்த நிலை உங்களுக்கு நினைவிருக்காது, சின்னப் பையனாக இருந்திருப்பீர்கள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், சில நாள் அதற்கு மேலும் கட். எங்கள் பக்கம் அந்த அளவுக்கு இல்லை. சேவ் ஃபைலைப் பென்டிரைவில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சோதனைச்சாவடி தாண்டி பைக்கில் வருவான். கடை சாத்திய பிறகு இரண்டு கம்ப்யூட்டரில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடுவோம். முதல் நாளே ஒரு தொல்லை: முதல் பாகத்தில் நாமே செய்த முகம் மூன்றாவது பாகத்தில் சரியாக ஏறவில்லை. உலகம் முழுக்க இருந்த கோளாறு அது, பிறகு சரி செய்து கொடுத்தார்கள். அன்றைக்கு அவன் பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூக்கையும் தாடையையும் ஒரு மணி நேரம் நகர்த்தி நகர்த்தி அதே முகத்தைக் கொண்டுவந்தான். "அஞ்சு வருஷமா இந்த மூஞ்சிதான் மாப்ள, வேற மூஞ்சியோட எப்படிச் சண்டைக்குப் போறது?" என்றான்.

அப்புறம் முடிவு. கடைசி அரை மணி நேரம் வரைக்கும் மூன்றாவது பாகம் அருமையான கேம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குரோகன்களின் நோயை மாற்ற மோர்டின் என்ற விஞ்ஞானி தனியாகக் கோபுரம் ஏறிப் போகிற காட்சியில் மாமா மகன் எழுந்து கடைக்கு வெளியே போய் நின்றுவிட்டான். குவாரியன்களும், அவர்கள் உருவாக்கிய கெத் என்ற இயந்திர மனிதர்களும் முந்நூறு வருஷப் பகை. இரண்டாவது பாகத்திலிருந்தே சரியாக நடந்துகொண்டிருந்தால் அவர்களை ஒன்றாகச் சேர்த்துவைக்க முடியும். மூன்று நாள் ராத்திரி உட்கார்ந்து சேர்த்துவைத்தோம்.

அதை எல்லாம் தாண்டி, லண்டனில் நடக்கும் இறுதிப் போரிலிருந்து ஷெப்பர்டு ரத்தம் வழிய மேலே விண்வெளி நிலையத்துக்குப் போகிறார். அங்கே ஒரு சின்னப் பையன் உருவில், கேட்டலிஸ்ட் என்ற ஒன்று வருகிறது. அதுவரை அதைப் பற்றிக் கதையில் ஒரு முகாந்திரமும் கிடையாது. ரீப்பர்களை நடத்துவது தான்தான் என்கிறது. உயிருள்ளவர்கள் உருவாக்கும் இயந்திரங்கள் எப்போதும் அவர்களையே எதிர்க்கும், அதனால்தான் இந்த அறுவடை என்கிறது. பிறகு மூன்று வழி காட்டுகிறது: ரீப்பர்களை அழிக்கலாம், ஆட்டிவைக்கலாம், அல்லது எல்லா உயிரையும் இயந்திரத்தோடு ஒன்றாகக் கலக்கலாம். ஒன்றுக்குச் சிவப்பு வெளிச்சம், ஒன்றுக்கு நீலம், ஒன்றுக்குப் பச்சை. மற்றபடி ஓடுகிற காட்சி கிட்டத்தட்ட ஒன்றேதான்.

எனக்கு உறுத்திய இடம் இதுதான். இயந்திரமும் மனிதனும் சேர்ந்து வாழ முடியாது என்று அது சொல்கிறது. முந்தா நாள்தான் கெத்தையும் குவாரியனையும் சேர்த்துவைத்தேன், கீழே இரண்டு பேரின் கப்பலும் என் பக்கம் நின்று சண்டை போடுகின்றன. அதைச் சொல்ல ஷெப்பர்டுக்கு ஒரு வரி கிடையாது. ஐந்து வருஷமாகப் பேசிப் பேசியே ஆள் சேர்த்தவர், கடைசியில் தலையாட்டிவிட்டு மூன்றில் ஒன்றைத் தொடப் போகிறார்.

இன்னும் உண்டு. நட்சத்திரக் கூட்டங்களை இணைக்கும் ரிலே என்ற வாசல்கள் எல்லாம் வெடிக்கின்றன. 2011-ல் இரண்டாவது பாகத்துக்கு வந்த, தனியாக வாங்கிச் சேர்க்கும் 'அரைவல்' என்ற துணைக் கதையில், ஒரு ரிலே வெடித்தால் அந்தச் சூரியமண்டலமே அழியும் என்று அவர்களே காட்டியிருந்தார்கள். அப்படியானால் எல்லோரும் செத்துவிட்டார்களா? லண்டனில் என்னோடு ஓடிவந்த கூட்டாளி எப்படி நார்மண்டி என்ற எங்கள் விண்கப்பலில் இருக்கிறார்? கப்பல் ஏன் ஓடுகிறது? ஏதோ ஒரு காட்டுக் கிரகத்தில் விழுகிறது, கதவு திறக்கிறது, அவ்வளவுதான். எழுத்துகள் ஓடி முடிந்ததும் ஒரு கிழவர் பேரனுக்குக் கதை சொல்கிற மாதிரி ஒரு காட்சி. அந்தக் குரல் நிலாவில் நடந்த பஸ் ஆல்ட்ரினுடையது. அதற்கும் பிறகு, துணைக் கதைகள் வழியாக ஷெப்பர்டின் புகழை வளர்த்துக்கொண்டே இருங்கள் என்ற அர்த்தத்தில் ஒரு பெட்டி. அந்த நேரத்தில் அது ரொம்பக் கசந்தது.

மாமா மகன் திரும்பிப் பார்த்து, "இவ்வளவுதானா மாப்ள?" என்றான்.

சோகமான முடிவு என்பதால் கோபம் வந்ததாகப் பலர் எழுதினார்கள். அது தப்பு. ஷெப்பர்டு சாவார் என்று எங்களுக்கு முன்பே தெரிந்த மாதிரிதான் இருந்தது. நம் பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில்களில் தோல்பாவைக் கூத்து நடக்கிறதே, அதை நினைத்துப் பாருங்கள். கம்பராமாயணப் பாட்டைத்தான் பாடி நடத்துகிறார்கள். ஏழு ராத்திரி, பதினான்கு ராத்திரி, இருபத்தொரு ராத்திரி என்று போகும். ராவணன் சாவான் என்பது கூத்துமாடத்தின் முன்னால் உட்கார்ந்த குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் ராவணன் விழுந்ததோடு விளக்கை அணைத்துவிட்டுப் போக மாட்டார்கள். பட்டாபிஷேகம் வரைக்கும் போயாக வேண்டும். கம்பன் அதற்கும் மேலே போய், விடை கொடுத்த படலம் என்றே ஒன்றை வைத்தான். சுக்ரீவன், அங்கதன், அனுமன், வீடணன், குகன் என்று போரில் தோள் கொடுத்தவர்களைக் கூப்பிட்டு, பரிசு கொடுத்து, ஊருக்கு அனுப்பிவைக்கிற படலம். கூட வந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று தெரியாமல் கதை கேட்டவன் எழுந்திருக்க மாட்டான். மாஸ் எஃபெக்ட் 3 மார்ச் மாதத்தில் வந்தபோது அந்தப் படலம் அதில் இல்லை. நான் புரிந்துகொண்ட வரையில் எங்கள் குறை முழுக்க அதுதான்.

அதோடு வாக்கும் சேர்ந்துகொண்டது. கேம் வருவதற்கு முன்னால் அதன் இயக்குநர் கேஸி ஹட்சன் ஒரு பேட்டியில், வழக்கமான கேம் மாதிரி முடிவு ஏ, பி, சி என்று எண்ணிச் சொல்கிற விதத்தில் இது இருக்காது என்று சொல்லியிருந்தார். கையில் கிடைத்தது சிவப்பு, நீலம், பச்சை.

சரி, என்ன செய்தார்கள்? 'ரீடேக் மாஸ் எஃபெக்ட்' என்று பெயர் வைத்து ஒன்றுகூடினார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம், ஆஸ்பத்திரியில் இருக்கும் குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான் வாங்கிக் கொடுக்கும் சைல்ட்ஸ் ப்ளே என்ற அறக்கட்டளைக்குப் பணம் திரட்டியது. இரண்டு வாரத்துக்குள் 80,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. ஆனால் அதிலும் ஒரு சிக்கல் வந்தது. புது முடிவு செய்து தருவதற்குத்தான் இந்தப் பணம் என்று சிலர் நினைத்துக்கொண்டார்கள். குழப்பம் வேண்டாம் என்று அறக்கட்டளையே நிறுத்தச் சொல்லிவிட்டது. கையெழுத்து வாங்கும்போது எதற்காக என்பதை ஒரே வரியில் தெளிவாக எழுதுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொரு கூட்டம் காசு சேர்த்து, பயோவேர் அலுவலகத்துக்குச் சுமார் 400 கப் கேக் அனுப்பியது. மேலே சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று நிறத்தில் கிரீம். எதைக் கடித்தாலும் உள்ளே அதே வெனிலா. ஒருவரையும் திட்டாமல் விஷயத்தை அவ்வளவு துல்லியமாகச் சொன்ன போராட்டத்தை நான் பார்த்ததில்லை. பயோவேர்க்காரர்கள் அந்தக் கேக்கை அங்கே இளைஞர்களுக்கான ஒரு காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் ஒருவர் வணிக ஆணையத்தில் பொய் விளம்பரம் என்று புகாரே கொடுத்தார். பிரிட்டனில் விளம்பரங்களைக் கவனிக்கும் அமைப்பு விசாரித்து, 2012 ஜூனில், விளம்பரம் தவறாக வழிநடத்தவில்லை என்று முடிவு சொன்னது. ஆக, சட்டத்தின் வழி பலிக்கவில்லை. அதே வருஷம் ஏப்ரலில் ஓர் இணையதள ஓட்டெடுப்பில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸை அமெரிக்காவின் மிக மோசமான கம்பெனி என்று தேர்ந்தெடுத்தார்கள். இறுதிச் சுற்றில் அது தோற்கடித்தது ஒரு பெரிய வங்கியை. 2008 நெருக்கடியில் அந்த நாட்டில் எத்தனையோ குடும்பம் வீட்டை இழந்திருக்க, ஒரு கேம் கம்பெனி அதைவிட மோசம் என்பது அளவு தெரியாத கோபம். அது எனக்குப் பிடிக்கவில்லை. வேலை செய்கிற எழுத்தாளர்களைத் தனிப்பட்ட முறையில் வசைபாடியதும் நடந்தது. அதை ஒருபோதும் ஏற்க முடியாது.

பயோவேரைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரே மியூசிக்கா மார்ச் 21-ல் ஒரு கடிதம் வெளியிட்டார். தங்கள் குழுவின் கலைத் தீர்மானத்தை விட்டுக்கொடுக்கவில்லை, ஆனாலும் கேட்டவர்களின் குறையைக் காதில் வாங்கியிருக்கிறோம் என்றார். ஏப்ரல் 5-ல் அறிவிப்பு, ஜூன் 26-ல் 'எக்ஸ்டெண்டட் கட்' என்ற நீட்டித்த முடிவு வந்தது. காசு வாங்கவில்லை.

அதன் அளவு கிட்டத்தட்ட 1.9 ஜிபி. இன்றைக்கு டீ குடித்து முடிப்பதற்குள் இறங்கிவிடும். அப்போது என்னிடம் இருந்த பிளானில் ராத்திரி இரண்டு மணி முதல் காலை எட்டு மணி வரைதான் டவுன்லோடுக்குக் கணக்குக் கிடையாது. இரண்டு ராத்திரி கடையிலேயே படுத்தேன். அலாரம் வைத்து எழுந்து பட்டனைத் தட்டிவிட்டு, மறுபடி பெஞ்சில் படுப்பேன். இரண்டாவது நாள் காலை, பால்காரர் வரும் நேரத்தில் இறங்கி முடிந்தது. மாமா மகனுக்கு மிஸ்டு கால் கொடுத்தேன்.

அடிப்படை மாறவில்லை. அதே பையன், அதே மூன்று வழி. ஆனால் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் இருந்தது. அடிபட்ட கூட்டாளிகளை ஷெப்பர்டு நார்மண்டியில் ஏற்றி அனுப்புகிற காட்சி வந்தது. ரிலேக்கள் நாசமாகின்றன, ஆனால் திரும்பக் கட்ட முடியும் என்று காட்டினார்கள். யார் யார் என்ன ஆனார்கள் என்று ஒவ்வொரு படமாக வந்தது, நம் சேவ் ஃபைலுக்குத் தகுந்த மாதிரி. கேட்டலிஸ்டிடம் கூடுதலாகக் கேள்வி கேட்கலாம். மூன்றுமே வேண்டாம் என்று மறுக்கவும் ஒரு நாலாவது வழி வந்தது. மறுத்தால் எல்லோரும் அழிவார்கள், ஆனால் அடுத்த சுழற்சியில் வருகிறவர்கள் ஜெயிப்பார்கள். எனக்கு ரொம்ப முக்கியமான இன்னொன்று, நல்ல முடிவுக்குத் தேவையான படைபலத்தின் அளவைக் குறைத்தார்கள். முன்பு ஆன்லைனில் மற்றவர்களோடு விளையாடாவிட்டால் நம் படையில் பாதிதான் கணக்கில் சேரும். எங்கள் ஊர் லைனில் ஆன்லைன் ஆட்டம் நினைத்துப் பார்க்க முடியாத காரியம்.

கதை சொன்னவன் திரும்ப வந்து விட்ட இடத்தைச் சொல்லிவிட்டுப் போவது நமக்குப் புதிதல்ல. கல்கி 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வனை வாராவாரம் எழுதி முடித்தபோது, வாசகர்கள் இன்னார் என்ன ஆனார், இன்னது நடந்ததா என்று கேட்டார்கள். அவர் கதையை மாற்றவில்லை. ஒரு முடிவுரை எழுதி, கேட்டதற்கு எல்லாம் பதில் சொன்னார். இன்றைக்கும் புத்தகத்தின் கடைசியில் அது இருக்கிறது. அதனால் கல்கியின் மதிப்பு ஒரு பிடி குறைந்ததா? பயோவேர் செய்ததும் ஏறக்குறைய அதுதான். கேரளா தியேட்டர்களில் இதைவிடத் துணிந்த காரியம் நடந்திருக்கிறது. 1998-ல் வந்த 'ஹரிகிருஷ்ணன்ஸ்' படத்தில் மம்மூட்டி, மோகன்லால் இரண்டு பேர் ரசிகர்களுக்கும் மனம் கோணக் கூடாது என்று இரண்டு விதமான முடிவுகளைத் தியேட்டர்களுக்கு அனுப்பினார்கள். கேம்களிலேயே முன்னுதாரணம் உண்டு. 2008-ல் வந்த ஃபால்அவுட் 3 முடிந்தவுடன் ஆட்டமும் நின்றுவிடும். அடுத்த வருஷம் வந்த துணைக் கதையில் அதை மாற்றி, மேலே விளையாட வழி செய்தார்கள்.

கலைஞன் செய்ததைத் தொட ரசிகனுக்கு என்ன உரிமை என்று அன்றைக்கு விமர்சகர்கள் பலர் எழுதினார்கள். மாற்றிக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற உரிமை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேட்கிற உரிமை உண்டு. உன் தீர்மானம்தான் கதையை நடத்தும் என்று சொல்லி விற்ற கேம் அது. நூறு மணி நேரத்துக்கு மேல் நம்மையும் தீர்மானிக்க வைத்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் இது என் கதை, நீ தள்ளி நில் என்றால் எப்படி?

உங்கள் காகிதத்துக்கு வருகிறேன். 'முடிவை மாற்று' என்று மட்டும் எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. எந்த இடத்தில், எந்த வாக்கு விட்டுப்போனது, எந்தப் பாத்திரம் என்ன ஆனது என்று தெரியவில்லை, எந்தக் காட்சி முந்தின பாகத்தில் அவர்களே சொன்னதோடு இடிக்கிறது என்று எழுதுங்கள். 2012-ல் பலித்தது அப்படிப்பட்ட கேள்விகள்தான். புது முடிவு கேட்டவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, விளக்கம் கேட்டவர்களுக்குக் கிடைத்தது. ஒரு தனி ஆளின் பெயரையும் இழுக்காதீர்கள். உங்களுக்குப் பிடித்த காட்சிகளையும் எழுதுங்கள். அந்தக் கேமை நேசித்தவர் என்பது படிக்கிறவருக்குத் தெரிய வேண்டும். அப்பாவிடம், தண்ணீருக்குப் போராடும்போதும் ஒப்பந்தத்தில் எழுதின அளவைத்தானே கேட்கிறோம் என்று சொல்லிப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. 2013 மார்ச்சில் 'சிட்டாடல்' என்று ஒரு துணைக் கதை வந்தது. இதற்குக் காசு உண்டு. காலக்கணக்கில் இறுதிப் போருக்கு முன்னால் நடப்பது. ஷெப்பர்டுக்கு ஒரு வீடு கிடைக்கிறது. உயிரோடு இருக்கும் பழைய கூட்டாளிகள் எல்லோரையும் விருந்துக்குக் கூப்பிடுகிறார். சமையல்கட்டில் இரண்டு பேர், மாடியில் நாலு பேர் என்று நின்று பேசுவதைச் சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டிருக்கலாம். விடை கொடுத்த படலம் ஒரு வருஷம் தாமதமாக வந்து சேர்ந்தது என்றுதான் எனக்குத் தோன்றியது.

2021-ல் மூன்று பாகத்தையும் புதுப்பித்து ஒன்றாக வெளியிட்டார்கள். எக்ஸ்டெண்டட் கட் அதிலேயே சேர்ந்து வருகிறது. மாமா மகன் இப்போது திருப்பூரில். தீபாவளிக்கு வந்தபோது லேப்டாப்பைக் கொண்டுவந்தான். இரண்டு பேரும் பழைய தீர்மானங்களையே திரும்ப எடுத்து, சிட்டாடல் விருந்து வரைக்கும் வந்திருந்தோம். விருந்தில் எல்லோரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுப்பார்கள். அதில் நிறுத்தி, இரண்டு ஸ்கிரீனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அவன் போட்டோவில் ரெக்ஸ் இருந்தான். என் போட்டோவில் இல்லை.